தாராபுரம் பக்கத்து மெதடிஸ்ட் கோயில் ஏன் திருச்சியைப் பார்த்து நிற்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கரூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அங்கே ஓட்டுக்கூரை போட்ட ஒரு சர்ச். வாசல் போர்டில் ‘தென்னிந்தியத் திருச்சபை, திருச்சி–தஞ்சை திருமண்டலம்’ என்று எழுதியிருக்கிறது. சுவரில் பதித்த கல்லில் ‘வெஸ்லியன் மிஷன்’. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ‘மெதடிஸ்ட் கோயில்’ என்கிறார்கள். சபையில் நூற்றாண்டு மலர் போடப் போகிறார்கள், வரலாறு எழுதும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று பெயரில் எது சரி, கோயம்புத்தூர் பக்கம் இருந்துகொண்டு திருச்சிக்கு ஏன் கீழ்ப்பட்டிருக்கிறோம், எங்கிருந்து எழுதத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று பெயரும் சரிதான். ஒரே கோயில் மூன்று காலத்தில் வைத்துக்கொண்ட பெயர்கள் அவை. 1932 வரைக்கும் அது வெஸ்லியன், அதாவது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிவந்த சபை. அந்த வருஷம் இங்கிலாந்தில் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைடெட் என்று பிரிந்து கிடந்த மெதடிஸ்ட் சபைகள் ஒன்று சேர்ந்தன. தாய்ச்சபை பெயர் மாறியதால் இங்கேயும் ‘வெஸ்லியன்’ உதிர்ந்து, வெறும் ‘மெதடிஸ்ட்’ ஆனது. அப்புறம் 1947 செப்டம்பர் 27. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) சபையின் நான்கு திருமண்டலங்களும், தென்னிந்திய ஐக்கிய சபையும், தென்னிந்திய மெதடிஸ்ட் சபையும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, சுருக்கமாக சி.எஸ்.ஐ. ஆயின. திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெறும் ‘மெதடிஸ்ட்’ என்ற பெயர் காகிதத்தில் இருந்தது பதினைந்தே வருஷம். ஆனால் ஜனங்களின் வாயில் ஒட்டிக்கொண்டது அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்றைக்கும் ‘மெதடிஸ்ட்’ என்று போர்டு வைத்த சபைகள் இந்தியாவில் உண்டு. அவை வேறு. அமெரிக்காவிலிருந்து 1856இல் வில்லியம் பட்லர் வட இந்தியாவுக்கு வந்து தொடங்கிய கிளை அது. 1870களில் சென்னைக்கும் வந்தது. 1947 இணைப்பில் அவர்கள் சேரவில்லை. 1981இல் தன்னாட்சியுள்ள சபையானார்கள். இணையத்தில் ‘மெதடிஸ்ட், இந்தியா’ என்று தேடினால் முதலில் வந்து விழுவது அவர்கள் கதைதான். நான் பார்த்த ஒரு சபை மலரில், நம் பக்கத்துச் சபையின் ‘ஸ்தாபகர்’ என்று ஓர் அமெரிக்கப் பேராயரின் படத்தை முழுப்பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அந்த மனிதர் கொங்கு மண்ணையே மிதித்திருக்க மாட்டார். அச்சடித்த ஐந்நூறு பிரதியும் விநியோகமான பிறகுதான் யாரோ கவனித்தார்கள்.

சரி, திருச்சிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான்; இதைப் பிடித்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

வெஸ்லியன் மிஷன் கடல் வழியாகக் கிழக்குக் கரைக்கு வந்தது. 1813 டிசம்பர் கடைசியில் தாமஸ் கோக் என்பவர் தலைமையில் ஒரு குழு இலங்கைக்குக் கப்பல் ஏறியது. கோக் வழியிலேயே, நடுக்கடலில் இறந்துபோனார். மற்றவர்கள் இலங்கையில் இறங்கி வேலையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். அப்புறம் நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சி என்று காவிரிப் படுகையில் ஊன்றினார்கள். 1860களில் கரூர். கரூருக்குப் பக்கத்தில் காவிரியில் கலக்கும் அமராவதியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் தாராபுரம். கீழேயிருந்து மேலே, ஆற்று நீருக்கு எதிர்த்திசையில் ஏறி வந்த மிஷன் இது. வரைபடத்தை விரித்து இந்த ஊர்களை ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், திருச்சி ஏன் தலைமை என்பது விளங்கும்.

கொங்கு நாட்டின் மற்ற பக்கம் வேறொரு மிஷனிடம் இருந்தது. லண்டன் மிஷன் 1827இல் சேலத்துக்கும், 1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் மூலம் கோயம்புத்தூருக்கும் வந்துவிட்டது. ஈரோட்டில் பிரப் என்ற ஆஸ்திரேலிய மிஷனரி வேலை செய்ததும் இந்த மிஷனில்தான். பன்னீர்செல்வம் பூங்காப் பக்கம் அவர் பெயரால் நிற்கும் நினைவாலயத்தைப் பார்க்காத ஈரோட்டுக்காரர் இருக்க மாட்டார். கத்தோலிக்கர்களோ இவர்களுக்கெல்லாம் மூத்தவர்கள். கருமத்தம்பட்டியில் பதினேழாம் நூற்றாண்டிலேயே இருக்கிறார்கள்.

புராட்டஸ்டண்ட் மிஷன்களுக்குள் எழுதியும் எழுதாமலும் ஓர் எல்லை ஒப்பந்தம் இருந்தது. ஒருவர் வேலை செய்யும் வட்டாரத்தில் இன்னொருவர் போய்க் கடை விரிக்கக் கூடாது. 1858இல் ஊட்டியிலும் 1879இல் பெங்களூரிலும் தென்னிந்திய மிஷனரிகள் மாநாடு கூடியது. இப்படிக் கூடிப் பேசிப் பேசித்தான் பாகப்பிரிவினை படிந்தது. கோவை, ஈரோடு, சேலம் லண்டன் மிஷனுக்கு. கரூர், தாராபுரம் வெஸ்லியனுக்கு. 1947க்குப் பிறகு லண்டன் மிஷன் பகுதி கோயம்புத்தூர் திருமண்டலத்தின் அடித்தளமானது. வெஸ்லியன் பகுதி, தஞ்சைப் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளோடு சேர்ந்து திருச்சி–தஞ்சை திருமண்டலமானது. உங்கள் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையைத்தான் இன்றைக்கும் வாசல் போர்டு சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அப்புறம் திருச்சி ஜில்லாவுக்குப் போனது. 1995இல் தனி மாவட்டம். தாராபுரம் கோயம்புத்தூரில் இருந்து, 1979இல் பெரியார் மாவட்டத்துக்குப் போய், அது ஈரோடு என்று பெயர் மாறி, 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்குள் வந்தது. வருவாய்த்துறை இத்தனை தரம் கோடு மாற்றிவிட்டது, மிஷன் கிழித்த கோடு மட்டும் அசையவில்லை. தாராபுரத்தில் பிஷப் தார்ப் பெயரில் கல்லூரி இருக்கிறதே, அந்தத் தார்ப் திருச்சி–தஞ்சைப் பேராயராக இருந்தவர்.

பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது இதனால் ஒரு குழப்பம் வரும். மெதடிஸ்ட் பேச்சில் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்றால் கலெக்டர் மாவட்டம் அல்ல. அது பல சர்க்யூட்டுகள் (ஓர் ஆயரின் கீழுள்ள பல சபைகளின் தொகுதி ஒரு சர்க்யூட்) சேர்ந்த மிஷன் மாவட்டம். நம் பகுதி நாகப்பட்டினம்–திருச்சி டிஸ்ட்ரிக்டில் இருந்தது. ‘எங்கள் டிஸ்ட்ரிக்டில் இந்த ஆண்டு இத்தனை ஞானஸ்நானம்’ என்று ஒரு மிஷனரி எழுதியிருந்தால், அது நாகப்பட்டினக் கடற்கரை முதல் தாராபுரம் கரிசல் வரை எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. அந்த எண்ணை எடுத்து உங்கள் ஊர்க் கணக்கில் வைத்துவிடாதீர்கள்.

அதேபோல், கரூர் பற்றிய பழைய அரசாங்கத் தகவலைத் திருச்சி ஆவணங்களில் மட்டும் தேடினால் கிடைக்காது. 1887இல் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டில் கரூர் உள்ளே இருக்கிறது.

இனி, சபை எப்படி வளர்ந்தது என்பது. கரூரில் மிஷன் காலூன்றிய சில வருஷத்திலேயே திருச்சி–ஈரோடு ரயில் பாதை கரூர் வழியாக வந்துவிட்டது. அது பெரிய வசதி. ஆனால் ஆட்களைச் சேர்த்தது ரயில் அல்ல, பஞ்சம். 1876 முதல் 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் கோயம்புத்தூர் ஜில்லாவைப் போட்டுப் புரட்டியது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை எடுத்து வளர்க்கும் வேலை அந்தக் காலத்து மிஷன்களின் தலையில் விழுந்தது. கரூரில் பிள்ளைகள் இல்லமும் தொழிற்பள்ளியும் பெயர் பெற்றவை; ஹென்றி லிட்டில் என்ற மிஷனரியின் பெயரை அங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். தச்சு வேலை, கொல்லு வேலை என்று ஏதோ ஒரு கைத்தொழிலோடு வெளியே வந்த பிள்ளைகளில் சிலர் வாத்தியாராகவும் உபதேசியாராகவும் ஆனார்கள். சிற்றூர்ச் சபைகளின் முதல் தலைமுறையில் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்களா என்று கட்டாயம் தேடிப் பாருங்கள். மலர்களில் பொதுவாக இவர்கள் பெயர் வருவதில்லை. கல்லில் வெள்ளைக்காரர் பெயர் இருக்கும். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வாரத்துக்கு நாலு ஊர் போய்வந்தவரின் பெயர் இருக்காது.

அடுத்த கட்டம் சேரிகளில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தாராபுரம் சுற்றுவட்டத்தில் தனியாள் தனியாளாக அல்லாமல், வளவு வளவாக (வளவு என்றால் குடியிருப்பு) ஜனங்கள் சபையில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பண்ணையங்களில் வேலை செய்தவர்கள். கொங்கு நாட்டில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் அது. கிணற்றில் நீர் மொண்டு மேலே வரும் தோல் பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் இல்லாமல் ஒரு தோட்டமும் விளையாது. ஆனால் அவர்கள் அதே கிணற்றில் கை வைக்க முடியாது. கூலி தானியமாக வரும், கடன் தலைமுறையாக நிற்கும். இப்படி இருந்தவர்கள் ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு ‘ஆத்தும தாகம்’ என்று ஒற்றை வரியில் எழுதும் மலர்களும் உண்டு, ‘சோற்றுக்காக’ என்று ஒற்றை வரியில் முடிக்கும் கட்டுரைகளும் உண்டு. இரண்டையும் நான் நம்புவதில்லை. பள்ளிக்கூடம் கிடைத்தது, அதிகாரியிடம் போய்ப் பேச ஓர் ஆள் கிடைத்தார், பெயர் சொல்லி, மரியாதையாகக் கூப்பிட ஓர் இடம் கிடைத்தது. சேர்ந்ததற்காகப் பண்ணையத்தில் வேலை போனவர்களும் உண்டு. சோற்றுக்காகப் போனவர் சோற்றைத் தொலைத்துக்கொண்டு போக மாட்டார்.

கோயில் ஊரில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஊருக்கு நடுவில் கடைவீதிப் பக்கம் என்றால், மிஷன் முதலில் பள்ளிக்கூடம் வைத்து மேல்சாதிப் பிள்ளைகளைப் படிக்க வைக்க முயன்ற காலத்து இடமாக இருக்கலாம். ஊரை விட்டுத் தள்ளி வளவுக்கு ஒட்டினாற்போல் என்றால், இந்த இரண்டாம் கட்டத்துக் கோயில். இது சட்டம் அல்ல. ஆனால் இடம் வாங்கிய பத்திரத்தைப் பார்க்கும் முன்பே ஓர் ஊகம் கிடைக்கும். இந்தச் சிற்றூர்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஒரே கட்டடம். திங்கள் முதல் வெள்ளி வரை வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் உபதேசியார்.

வெஸ்லியன் சபை நடந்த விதமும் தனி. ஜான் வெஸ்லி 1742இல் பிரிஸ்டலில் ஒரு கட்டடக் கடனை அடைக்க, ஆட்களைப் பன்னிரண்டு பேர் அளவில் சின்னக் குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்க ஏற்பாடு செய்தார். வசூலுக்குப் போனவர்கள் வீட்டு நல்லது கெட்டதையும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அதுதான் ‘வகுப்பு’ என்ற மெதடிஸ்ட் ஏற்பாடாக ஆனது. கடன் வசூலில் பிறந்த பக்தி இயக்கம் என்று ஒரு ஆயர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பிடித்த விளக்கம் அது. நம்மூரில் இதன் சாயல் பிடியரிசிக் காணிக்கையோடு கலந்துபோனது. தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவது. அரிசியைவிடக் கம்பும் சோளமும் அதிகம் புழங்கிய பூமி ஆகையால் பானையில் விழுந்தது பெரும்பாலும் அதுதான்.

பல சபைகளைச் சேர்த்தது ஒரு சர்க்யூட். ஓர் ஆயர், பல உபதேசியார்கள். மெதடிஸ்ட் முறையில் ஆயர் ஒரே இடத்தில் வேர் பிடிக்கக் கூடாது. சில வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுவார்கள். வரலாறு எழுதுகிறவருக்கு இது பெரிய உதவி. எப்படி என்று சொல்கிறேன்.

பல வருஷம் முன்பு, ஒரு சிற்றூர்ச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். பீடத்துக்குப் பின்னால் இருந்த அறை, துருப்பிடித்த பீரோ, உள்ளே நாப்தலின் வாசனை. நீளமான தடித்த புத்தகம், முதுகில் தோல் உரிந்திருந்தது. வரிசை எண், தேதி, பெயர், தகப்பன் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டங்கள். முதல் பக்கங்கள் ஆங்கிலத்தில், சாய்ந்த கோழிக் கிறுக்கலில். திடீரென்று ஒரு பக்கத்திலிருந்து தமிழ். ‘ணை’யும் ‘லை’யும் பழைய தும்பிக்கைக் கொம்போடு, தட்டான் செய்தது போன்ற எழுத்து. இரண்டு மூன்று வருஷம் கழித்து மை நிறம் மாறுகிறது, எழுத்து மாறுகிறது. ஆயர் மாறிவிட்டார். கையெழுத்து மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனேன். ஆயர்கள் பட்டியல் பாதி தயாராகிவிட்டது. சபைச் சுவரில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையில் அவர்களில் இருவர் இல்லை. பலகை எழுதியவர் அதற்கு முந்தைய பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார், முந்தையவர் நினைவிலிருந்து.

தொழில் கட்டத்தில் பக்கம் பக்கமாக ‘கூலி’. ஓரிடத்தில் மட்டும் ‘கூலி’ என்று எழுதி அடித்து, மேலே ‘வாத்தியார்’ என்று திருத்தியிருந்தது. அதே மையில் அல்ல, வேறு மையில். பிற்பாடு யாரோ திருத்தியிருக்கிறார்கள். மகனோ பேரனோ, யார் கண்டது. அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தரம் படமெடுத்தேன்.

அந்தச் சபை கொண்டாடிக்கொண்டிருந்த ஸ்தாபன ஆண்டு கல்லில் இருந்த ஆண்டு. பதிவேட்டின் முதல் வரி அதற்குப் பதினெட்டு வருஷம் முந்தியது. இது எங்கும் நடக்கிற தவறு. கல்லில் இருப்பது கட்டடத்தின் வயது, அதுவும் சில சமயம் அடிக்கல் போட்ட ஆண்டா பிரதிஷ்டை ஆண்டா என்று தெரியாது. சபையின் வயது முதல் ஞானஸ்நானத்திலிருந்து. தனி சர்க்யூட் ஆன ஆண்டு மூன்றாவது. மலரில் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். ‘அப்போ நூற்றாண்டு போன தடவையே முடிஞ்சிருச்சா’ என்று கமிட்டியில் சத்தம் வரும். வரட்டும்.

கட்டடமும் பேசும். ஓட்டை ஒன்று இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அப்புறம் மலபார்ப் பக்கமும் சூளைகள் வந்தன. போத்தனூர் வழியாக ரயிலில் இந்தப் பக்கம் வந்த ஓடுகள் அவை. முதல் உலகப் போரில் ஜெர்மன், சுவிஸ்காரர்களின் அந்தத் தொழிற்சாலைகள் கைமாறி, காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனியிடம் போயின. ஆகவே ஓட்டில் பாசல் மிஷன் முத்திரை இருந்தால் ஏறத்தாழ போருக்கு முந்தியது, காமன்வெல்த் முத்திரை என்றால் பிந்தியது. ஆனால் ஓடு கூரையின் வயதைத்தான் சொல்லும். புயலடித்து மாற்றியிருக்கலாம், இன்னொரு பங்களாவை இடித்தபோது வாங்கிப் போட்டிருக்கலாம். நாலு மூலையிலும் நாலு ஓடு பாருங்கள்.

உள்ளே போனால் பிரசங்க பீடம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். வெஸ்லியன் கட்டடங்களில் பிரசங்கம்தான் நடுநாயகம். பீடம் நடுவிலும் நற்கருணை மேசை அதற்கு முன்னால் கீழேயும் இருக்கும். ஆங்கிலிக்கன் கோயிலில் பலிபீடம் நடு, பிரசங்க பீடம் ஓரம். 1947க்குப் பிறகு நிறைய இடத்தில் பிரசங்க பீடத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். தரையில் சிமெண்ட் நிறம் வேறுபட்டுச் சதுரமாக ஒரு தழும்பு தெரிந்தால், அதுதான் பீடம் இருந்த இடம். பீரோவின் அடித்தட்டில் கட்டைவிரல் அளவு கண்ணாடிக் கிண்ணங்கள் துளைத்தட்டில் அடுக்கி இருந்தால் அதையும் படமெடுங்கள். ஒரே கிண்ணத்தில் எல்லோரும் பருகாமல் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம், அதில் புளிக்காத திராட்சரசம் என்பது மெதடிஸ்டுகளிடம் பரவிய வழக்கம்.

இணைப்புக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதினால் போதும், ஆவணங்கள் ஏராளம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பனியன் கம்பெனி, நூல்மில், கடை வியாபாரம் என்று திருநெல்வேலிப் பக்கமிருந்து கொங்கு ஊர்களுக்கு வந்தவர்கள் தங்கள் ஆங்கிலிக்கன் வழக்கங்களோடு வந்தார்கள். சபையார் கூடிச் சாப்பிடும் அசனம் வந்தது, ஜெபப்புத்தகம் பார்த்து ஆராதிக்கும் பழக்கம் கெட்டிப்பட்டது. கண்ணை மூடி மனதில் வந்ததை வேண்டுகிற பழைய மெதடிஸ்ட் கிழவர்களுக்கும் இவர்களுக்கும் கொஞ்ச காலம் உரசல். இன்று மிச்சம் இருக்கும் வெஸ்லியன் அடையாளம் எது என்றால், புத்தாண்டை ஒட்டி நடக்கும் உடன்படிக்கை ஆராதனை. 1755இல் வெஸ்லி லண்டனில் தொடங்கியது. சி.எஸ்.ஐ. ஆராதனைப் புத்தகத்தில் ஏறி, எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. திருநெல்வேலி வழிக்காரரும் அதை ‘நம்ம பழக்கம்’ என்றுதான் சொல்வார்.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் பீரோ. அப்புறம் திருச்சியில் திருமண்டல அலுவலகம். கோயம்புத்தூருக்குப் போய் அலையாதீர்கள், அங்கே லண்டன் மிஷன் காகிதங்கள்தான் இருக்கும். பெங்களூர் யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜில் தென்னிந்தியச் சபைகளின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மெதடிஸ்ட் மிஷனரி சொசைட்டியின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் (SOAS) என்ற கல்லூரியின் நூலகத்தில் உள்ளன. ஆண்டறிக்கைகள் சில இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த அறிக்கைகள் இங்கிலாந்தில் காணிக்கை திரட்ட எழுதியவை. இருட்டு கொஞ்சம் அதிக இருட்டாகவும் வெளிச்சம் கொஞ்சம் அதிக வெளிச்சமாகவும் இருக்கும். திருமணப் பதிவேடு காணாமல் போயிருந்தால் மனம் தளர வேண்டாம். 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமண விவரம் அரசாங்கப் பதிவாளருக்கும் போக வேண்டும். அந்த வழியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

பெண்களைப் பற்றிக் காகிதத்தில் குறைவாகத்தான் கிடைக்கும். வீடு வீடாகப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பைபிள் உமன்களின் பெயர் சம்பளக் கணக்கில் மட்டும் தலைகாட்டும். ஆகவே பாட்டிமார்களிடம் போய் உட்காருங்கள். ‘சபை எப்போது தொடங்கியது’ என்று கேட்டால் பதில் வராது. ‘மணி எப்ப வந்துச்சுங் பாட்டி’ என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒரு பாட்டி சொன்னது (அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா, பண்ணாடி என்றால் பண்ணையக்காரர்): “மணியெங்க கண்ணு இருந்துச்சு? தண்டவாளத் துண்டு ஒண்ணக் கட்டித் தொங்க உட்டிருந்தாங்க. எங்கப்பிச்சிதான் அடிப்பாரு. பண்ணாடி வூட்ல, ஞாயித்துக்கெழம காத்தால சத்தம் போடாதீங்கடான்னு சொல்லி உட்டாங்களாம். அப்பறம் ஒரு வாரம் அடிக்கல. மறு வாரம் அடிச்சாரு.” அவ்வளவுதான் சொன்னார். மறு வாரம் எப்படி அடிக்க முடிந்தது என்று நான் கேட்டதற்கு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அடிச்சாருங் கண்ணு” என்றார்.

கடைசியாக ஒரு கண்டிப்பான விஷயம். பதிவேட்டில் உள்ள பெயர்ப் பட்டியலை மலரில் அச்சடிக்காதீர்கள். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது; 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே பல குடும்பங்களில் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். நீங்கள் ஆசையாக அச்சடிக்கும் ஒரு பக்கம் யாரோ ஒருவரின் பேத்தியுடைய வேலைக்கு உலை வைக்கக்கூடும். பழைய பதிவேடுகளில் சாதிப்பெயர்களும் இன்று வாயில் வைக்கக் கூசும் சொற்களில் இருக்கும். எண்ணிக்கையைச் சொல்லுங்கள், ஊர்களைச் சொல்லுங்கள், ஆயர்கள் உபதேசியார்கள் பெயரைச் சொல்லுங்கள். மற்றவர்கள் பெயரை அந்தக் குடும்பம் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

வேலையைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள், கல்லிலிருந்து வேண்டாம். பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். நான் மூன்று நாள் படித்தேன் என்றேனே, அந்தப் பதிவேட்டைத் திரும்பப் பார்க்கப் போனபோது பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. இப்போது என் படங்களைத்தான் அவர்கள் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். பீரோ சாவி பொதுவாகப் பொருளாளரிடம் இருக்கும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வாங்கிவிடுங்கள்.